பழைய டிராக்டர் வாங்கப் போறீங்களா? விலை அப்புறம், ஆர்சி யார் பேர்ல இருக்கு?

ராயபுரத்துல ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆடிட்டர்கிட்ட என்ன கேள்வி வரும்? நியூ ரெஜிமா ஓல்டு ரெஜிமா, வாடகை ரசீது இல்லாம எச்ஆர்ஏ கிடைக்குமா, கிரெடிட் கார்டு நோட்டீஸ் வந்துடுச்சு என்ன பண்றது, இதுதான். ஆனா சமீபமா, ரிட்டர்ன் ஃபைல் பண்ணி முடிச்சிட்டு எழுந்திரிக்கும்போது பசங்க ஒரு கேள்வி கேக்குறாங்க: "சார், பொன்னேரி பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு. பழைய குட்டி டிராக்டர் ஒண்ணு ரெண்டு லட்சத்துக்குள்ள வருது. வாங்கிப் போடலாமா?"

கேக்குறவங்க எல்லாம் உங்க வயசுதான். எண்ணூர், மணலி கம்பெனிகள்ல ஷிஃப்ட் போறவங்க, ஹார்பர் பக்கம் ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க. வீடு திருவொற்றியூர்ல, தாத்தா நிலம் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம். ஞாயித்துக்கிழமை பைக்கை எடுத்தா ஒரு மணி நேரத்துல வரப்பு மேல நிக்கலாம். போன்ல தினமும் பழைய டிராக்டருக்குப் பெயின்ட் அடிச்சு ஸ்டார்ட் பண்ற ரீல்ஸ் வருது. ஆசை வர்றதுல தப்பே இல்ல.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். சில பேருக்கு நிச்சயமா வேணும். நீங்க எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க ஒரு நம்பரும் ஒரு பேப்பரும் போதும். நம்பர், வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடும்ங்கறது. பேப்பர், ஆர்சி. விலை இதுக்கெல்லாம் அப்புறம்தான். ஆனா நம்மாளுங்க மொதல்ல பேரம் பேசறது விலையை, கடைசியாப் பார்க்கறது ஆர்சியை.

"விண்டேஜ்" அப்படின்னா?

விக்கறவர் இந்த வார்த்தையைச் சொன்னா அதுக்காக பத்து பைசா கூட கூடுதலாக் கொடுக்காதீங்க. விண்டேஜ் வண்டிகளுக்குன்னு மத்திய அரசு 2021ல தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல ஆன, ஒரிஜினல் வடிவத்துலயே இருக்கிற வண்டிக்குத் தனிப் பதிவு, நம்பர் பிளேட்ல 'விஏ' அடையாளம், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனா அது டூவீலருக்கும், ஆள் ஏத்துற காருக்கும்தான். டிராக்டர் அந்த வகையிலேயே வராது. சட்டத்தோட கண்ணுல 1974 மாடல் டிராக்டர் ஒரு பழைய டிராக்டர், அவ்வளவுதான். விண்டேஜ் காரை வெச்சிருக்கிறவருக்கு அந்தத் தனிப் பதிவு ஒரு மதிப்பு. உங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. தலைக்கு மேல 15 வருஷக் கெடு மட்டும்தான் இருக்கு. அதுக்குக் கீழ வர்றேன்.

இந்த இடத்துல நம்ம ஏரியா கதை ஒண்ணு சொல்லணும். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரி உங்களுக்குத் தெரியும். 1955ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியா கம்பெனியோட ஃபேக்டரி. 1990கள்ல அதைக் கையில எடுத்தது யாருன்னு கேட்டா பல பேர் முழிப்பாங்க. ஐஷர். 1990ல பங்கு வாங்கினாங்க, 1994ல முழுசா இணைச்சுக்கிட்டாங்க. அந்த ஐஷர் பேர் எடுத்ததே டிராக்டர்லதான். 1959ல ஃபரிதாபாத்துல அவங்க வெளியில விட்டதுதான் இந்தியாவிலேயே தயாரான முதல் டிராக்டர். இன்னிக்கு நீங்க ரீல்ஸ்ல பார்க்கிற, ஒரே சிலிண்டர்ல "டக் டக்"னு ஓடுற காத்துக் குளிர்ச்சி எஞ்சின் வண்டி அந்தப் பரம்பரைதான்.

அப்புறம் என்ன ஆச்சு? கையில இருந்த பதினைந்து தொழில்ல பதின்மூணை விட்டுடறதுன்னு ஐஷர் முடிவு பண்ணினப்போ, பேர் வாங்கிக் கொடுத்த டிராக்டரும் அந்த லிஸ்ட்ல போச்சு. திருவொற்றியூர் புல்லட் தங்கிடுச்சு. 2005ல டிராக்டர் பிசினஸை வாங்கினது நம்ம சென்னையோட டாஃபே. 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, பெரம்பூரைத் தாண்டினா வர்ற செம்பியத்துல ஃபேக்டரி, அதே குழுமத்தோட சிம்ப்சன் எஞ்சினும் அங்கேயேதான். தாத்தா ஓட்டின வண்டியாச்சே, அப்பா ஆரம்பிச்ச தொழிலாச்சேன்னு பார்த்திருந்தா ஐஷர் குடும்பம் டிராக்டரை வித்திருக்கவே கூடாது. வித்தாங்க. எங்க பணம் போட்டா வேலை செய்யும்னு மட்டும் பார்த்தாங்க. ரெண்டு லட்சம் போடப் போற நீங்களும் அந்த ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இதுல உங்களுக்கு நடைமுறை லாபமும் ஒண்ணு இருக்கு. பழைய வண்டியில முதல் பயம் ஸ்பேர். மாஸி ஃபெர்குசன் 1035, பழைய ஐஷர், ரெண்டும் இப்ப ஒரே குழுமத்துக்குக் கீழ. ரெண்டும் ஊர் ஊரா ஓடின வண்டி, கை வெக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் கிடைப்பாங்க. வெளிநாட்டுல இருந்து எப்பவோ வந்த அபூர்வ வண்டி, உலகத்துல நூறுதான் இருக்குன்னு யாராவது சொன்னா, அந்த நூறுக்கும் ஸ்பேர் எங்க கிடைக்கும்னு கேளுங்க.

மணிக் கணக்கு

இப்ப நம்பருக்கு வருவோம். கீழ நான் போடற ரூபாய் எல்லாம் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்டது. உங்க ஊர் ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க. கணக்கோட வடிவம்தான் முக்கியம்.

வண்டி 1,80,000. பழைய வண்டியை வாங்கின அன்னிக்கே வயல்ல இறக்க முடியாது. பேட்டரி, கிளட்ச், ஒரு ஜோடி டயர், ஆயில் சீல், பேப்பர் செலவு, எல்லாம் சேர்த்து 70,000. ஆக, 2,50,000 உள்ள போயிடுச்சு. இந்தப் பணம் பேங்க்ல 7 சதவீதத்துல இருந்திருந்தா வருஷம் 17,500 வந்திருக்கும். அது முதல் செலவு. வருஷப் பராமரிப்பு 25,000. இன்சூரன்ஸ், இதர பேப்பர் 8,000. அஞ்சு வருஷம் கழிச்சு ஒன்றரை லட்சத்துக்கு வித்தீங்கன்னா ஒரு லட்சம் கரைஞ்சிருக்கும், வருஷத்துக்கு 20,000. கூட்டுங்க: 70,500 ரூபாய். வண்டி ஷெட்டுல சும்மா நின்னாலும் இந்தச் செலவு ஓடிக்கிட்டே இருக்கும்.

ஓடினா? டீசல் மணிக்கு 300, டிரைவர் மணிக்கு 300. நீங்க திங்கள் காலைல ஷிஃப்டுக்குப் போகணும், அதனால டிரைவர் இல்லாம நடக்காது. பக்கத்து ஊர்க்காரர் டிராக்டரை டீசல், டிரைவரோட வாடகைக்கு எடுத்தா மணிக்கு 1,000னு வெச்சுக்குவோம்.

ரெண்டு ஏக்கர், ரெண்டு போகம், சேடை ஓட்டறது எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 30 மணி நேரம் வேலை இருக்குன்னு வைங்க. வாடகைக்கு எடுத்தா 30,000 ரூபாய். சொந்த வண்டின்னா 70,500, அதோட 30 மணிக்கு 18,000. மொத்தம் 88,500. மூணு மடங்கு.

எப்ப சமம் ஆகும்? ஒவ்வொரு மணிக்கும் நீங்க மிச்சம் பிடிக்கறது 400 ரூபாய். 70,500ஐ 400ஆல வகுத்தா 176 மணி நேரம். ரெண்டு ஏக்கர்காரர் ஆறு மடங்கு வேலை தேடணும். கடன்ல வாங்கினா இன்னும் மோசம். 1,80,000க்கு 14 சதவீதத்துல மூணு வருஷ பர்சனல் லோன்னா இஎம்ஐ சுமார் 6,150, வட்டி மட்டும் 41,000த்துக்கு மேல. வருஷத்துல 30 மணி நேரம் ஓடற வண்டிக்கு 36 மாசம் இஎம்ஐ. உங்க பைக் லோன்கூட தினமும் உங்களை வேலைக்குக் கொண்டு போய் விடுது.

அதனாலதான் சொல்றேன், ரெண்டு மூணு ஏக்கர்காரங்களுக்கு வாடகைதான் சரி. தமிழ்நாடு அரசோட வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் மணிக்கணக்குல வாடகைக்குக் கொடுக்குது. உழவன் செயலியைப் போன்ல போட்டுப் பாருங்க, இப்ப என்ன ரேட்டுன்னு தெரியும். சீசன்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேணும், கிடைக்கத் தாமதம் ஆகும், இது உண்மையான குறை. மழை பெய்ஞ்ச ஈரத்துல ஓட்டணும்னா அந்த ரெண்டு நாள்தான். ஆனா அந்தக் குறையைத் தீர்க்க வருஷத்துக்கு 58,500 கூடுதலாக் கொடுக்கணுமா? பக்கத்து டிராக்டர்காரருக்கு மணிக்கு 200 சேர்த்துக் கொடுத்து, முன்கூட்டியே சொல்லி வெச்சா 6,000ல முடியுற விஷயம்.

ஆர்சி, அதாவது உண்மையான ரிஸ்க்

மணலி பக்கம் வேலை பார்க்கிற ஒரு தம்பி என்கிட்ட வந்தார். 1,65,000க்கு வண்டி வாங்கிட்டார். கையில இருந்தது ஆர்சி ஜெராக்ஸ், கையெழுத்துப் போட்ட வெத்து படிவம் 29, 30. ஆர்சியில இருக்கிற ஆள் வண்டியை வித்தவர் இல்ல, வித்தவருக்கு வித்தவருக்கும் முன்னாடி ஆள். விசாரிச்சா அவர் இறந்து போயிட்டார். பதிவுக் காலமும் முடிஞ்சு போச்சு. செத்தவர் கையெழுத்தை வெச்சுக்கிட்டு எந்த ஆர்டிஓ ஆபீஸுக்குப் போறது? வண்டி இப்ப தார்ப்பாய்க்குக் கீழ நிக்குது. 1,65,000 போனது எனக்குப் பெரிசாத் தெரியல. அந்த வண்டி நாலு மாசம் ரோட்டுல ஓடியிருக்கு பாருங்க, அதைக் கேட்டப்போதான் எனக்குப் பகீர்னு ஆச்சு.

ஏன்னு சொல்றேன். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஒரு கார் கை மாறிக் கை மாறிப் பல பேர்கிட்டப் போயிடுச்சு, ஆர்சி மட்டும் முதல் ஆள் பேர்லயே இருந்தது. 2009ல விபத்து. வண்டி என்கிட்ட இல்லவே இல்ல, எப்பவோ வித்துட்டேன்னு முதல் ஆள் சொன்னார். ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்புன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இது விக்கறவருக்கான எச்சரிக்கை. ஊர்ல தாத்தா டிராக்டரை "எடுத்துட்டுப் போப்பா"ன்னு கொடுத்துட்டு ஆர்சியை மாத்தாம விட்ட குடும்பம் உங்களுதா இருந்தா, இது உங்க வீட்டு விஷயம். சட்டப்படி விக்கறவர் ஒரே மாநிலத்துக்குள்ளன்னா 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்கறவர் 30 நாளுக்குள்ள தெரிவிச்சு ஆர்சியில பேர் மாத்தணும்.

வாங்கறவருக்கு வேற மாதிரி ஆபத்து. பதிவு செத்துப் போன, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டுல ஒருத்தர் மேல மோதுச்சுன்னு வைங்க. எவ்வளவு வரும்? நானே கணக்குப் போட்டுக் காட்டறேன். 30 வயசு, மாசம் 30,000 சம்பாதிக்கிற, நிரந்தர வேலை இல்லாத ஒருத்தர், நம்பியிருக்கிறது மனைவியும் ரெண்டு குழந்தைகளும். 2009, 2017ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் போட்ட ஃபார்முலா இது: வருஷ வருமானம் 3,60,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தா 5,04,000. அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா 3,36,000. அந்த வயசுக்குப் பெருக்கல் எண் 17. விடை 57,12,000 ரூபாய். இறுதிச் சடங்கு மாதிரி மத்த தலைப்புகள்ல வர்றது தனி, வட்டி தனி.

ரெண்டு லட்ச ரூபாய் வண்டி. 57 லட்ச ரூபாய் பொறுப்பு. மூணாம் நபர் இன்சூரன்ஸ் உயிரோட இருந்தா அதை கம்பெனி கட்டும். இல்லன்னா உங்க சம்பளம், உங்க பிஎஃப் போக மிச்ச சேமிப்பு, திருவொற்றியூர்ல நீங்க புக் பண்ணியிருக்கிற ஃப்ளாட், எல்லாம் அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்லணும். சொல்லணும்தான், அதுல நியாயமும் இருக்கு. இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினா முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய்தான்னு சிரிக்கறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை பேப்பர்ல எழுதிப் பாருங்க.

அந்த 15 வருஷக் கெடு இப்ப. விவசாய டிராக்டர் 'நான்-டிரான்ஸ்போர்ட்' வகை. முதல் பதிவு 15 வருஷம், அப்புறம் வண்டியைக் காட்டி அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். 1980, 90 மாடல் வண்டின்னா எத்தனை தடவை புதுப்பிச்சிருக்கணும்? ஆர்சியில அத்தனையும் இருக்கணும். பாதியில விட்டிருந்தா, புதுப்பிச்சு கையில கொடுக்கற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "நீங்களே பார்த்துக்கோங்க, விலையில குறைச்சுக்கறேன்"னு சொல்வாங்க. குறைக்க வேண்டாம், பேப்பரோட கொடுங்கன்னு சொல்லுங்க.

"வீக் டேஸ்ல சும்மாதானே நிக்குது?"

இதுதான் நம்ம வடசென்னையில வர்ற தனி ஆசை. 176 மணி நேரம் எப்படித் தேத்தறதுன்னு யோசிச்சவுடனே டிரெய்லர் மாட்டி மணல், செங்கல், ஸ்கிராப், தண்ணி டேங்க் அடிக்கலாம்னு தோணும். சுத்தி இத்தனை கம்பெனி, கட்டட வேலை இருக்கே!

பண்ணாதீங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல விவசாய டிராக்டருக்கு விளக்கமே, வயல் வேலைக்கும் விவசாயப் பொருளை டிரெய்லர்ல ஏத்திப் போறதுக்கும்தான். கூலிக்கு வேற லோடு அடிச்சா அது சரக்கு வண்டி வேலை. அதுக்குப் பதிவு வேற, பெர்மிட் வேற, இன்சூரன்ஸ் வேற. விவசாய பாலிசியை வெச்சுக்கிட்டு ஸ்கிராப் ஏத்திப் போகும்போது விபத்து நடந்தா, இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கேக்கற கேள்வி "டிரெய்லர்ல என்ன இருந்தது?"ங்கறதுதான். மேல போட்ட 57 லட்சக் கணக்கு அங்க மறுபடி உயிரோட எழுந்து நிக்கும்.

இன்னொண்ணு, ரோடு. திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி ரோட்டுல ராத்திரி கன்டெய்னர் லாரிங்க நடுவுல பைக் ஓட்டியிருப்பீங்க. அதே ரோட்டுல ஒழுங்கா டெயில் லைட் எரியாத, மணிக்கு இருபது கிலோமீட்டர்ல போற வண்டியைக் கற்பனை பண்ணுங்க. வாங்கின வண்டியை சென்னைக்குள்ள ஓட்டிக்கிட்டு வராதீங்க. லாரியில ஏத்தி நேரா வயலுக்குக் கொண்டு போங்க. ஓட்டறவருக்கு கார் ஓட்டற எல்எம்வி லைசென்ஸ் போதும், டூவீலர் லைசென்ஸ் மட்டும் வெச்சிருக்கிற தம்பியை ஏத்தி விடாதீங்க. மட்கார்டு மேல உட்கார்ந்து போறவருக்கு அந்த வண்டியில சீட்டும் கிடையாது, பாலிசியும் கிடையாது. பழைய வண்டியில கவிழ்ந்தா காப்பாத்துற கம்பிக் கூண்டு இருக்காது. பின்னாடி சுத்துற பிடிஓ ஷாஃப்ட்டுக்கு மூடி கழண்டு போயிருக்கும், புதுசா வாங்கி மாட்டுங்க. வேட்டியோ துண்டோ சிக்கினா இழுத்துக்கும்.

வரி

பக்கத்து வயலுக்கு உழவு ஓட்டிக் கொடுத்து வாடகை வாங்கினா அது விவசாய வருமானம் இல்ல. நிறைய பேர் இதுல தப்பு பண்றாங்க. உங்க நிலத்துல விளைஞ்ச நெல்லை வித்து வர்றதுக்கு வரிவிலக்கு. உங்க டிராக்டர் அடுத்தவர் நிலத்துல சம்பாதிக்கிற வாடகை பிசினஸ் வருமானம். ஐடிஆர்-1 போடற ஆள் ஐடிஆர்-4க்கு மாறணும்.

பயப்படாதீங்க, தொகை சின்னதுதான். வெளியில 146 மணி நேரம் ஓடி 1,46,000 வருதுன்னு வைங்க. 44ஏடி பிரிவுல ரொக்கமா வாங்கினதுக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டினாப் போதும், யுபிஐயில வாங்கினா 6 சதவீதம். ரொக்கம்னே வெச்சாலும் 11,680 லாபம். நீங்க 30 சதவீத ஸ்லாபுல இருந்தாலும் வரி சுமார் 3,500, செஸ் தனி. இதை மறைக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம், அதுல பிரிவு எண் வேற, கொள்கை இதேதான். விவசாயிக்கு விவசாய இயந்திரம் வாடகைக்குக் கொடுக்கறதுக்கு ஜிஎஸ்டி விலக்கும் இருக்கு. கட்டட கான்ட்ராக்டருக்குக் கொடுத்தா அந்த விலக்கு இல்ல.

"சார், டிராக்டர்ல நஷ்டம் காட்டி சம்பளத்துல கழிச்சு டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கலாமா?" இதையும் யாரோ வீடியோல சொல்லியிருக்காங்க போல. முடியாது. பிசினஸ் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோட கழிக்கவே சட்டம் விடாது. அப்படி ஃபைல் பண்ணித் தர்றேன்னு சொல்ற ஆளைப் பார்த்தா உங்க ஃபார்ம்-16ஐ எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துடுங்க.

அப்ப யார் வாங்கலாம்?

ஊர்ல அப்பாவோ அண்ணனோ முழு நேர விவசாயம் பார்க்கறார், சொந்தமும் குத்தகையும் சேர்த்து பன்னிரண்டு, பதினைந்து ஏக்கர் ஓடுது, அவருக்கே ஓட்டத் தெரியும். வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். டிரைவர் செலவு 300 போயிடும், மணிக்கு மிச்சம் 700 ஆகும், 101 மணி நேரத்துலயே கணக்கு சமம். அந்த வீட்டுக்குப் புது வண்டி இஎம்ஐயை விட நல்ல பழைய வண்டிதான் புத்திசாலித்தனம். ஆர்சி மட்டும் ஓட்டறவர் பேர்ல இருக்கட்டும். சென்னையில சம்பளம் வாங்கற உங்க பேர்ல போடாதீங்க. பணம் கொடுத்தது நீங்கதான்னாலும், வண்டி தினமும் யார் கட்டுப்பாட்டுல இருக்கோ, பொறுப்பும் அங்கேயே இருக்கறதுதான் சரி. இதுல "என் காசு, என் பேர்"ங்கற கௌரவம் பார்த்தீங்கன்னா வீட்டுக்குள்ள சண்டை வராது, ஆனா நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

ரெண்டாவது, வெறும் ஆசைக்காக வாங்கறவங்க. பழைய புல்லட்டை வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை முழுக்க கிரீஸ் கையோட உட்கார்ந்திருக்கிறவங்க நம்ம ஏரியாவுல எத்தனை பேர்! அது ஒரு சந்தோஷம், அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். அதை முதலீடுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு வருஷ போனஸுக்குள்ள அடங்கற பணம், எமர்ஜென்சி ஃபண்ட் தொடாம, கடன் இல்லாம. வண்டியைக் கடலுக்குப் பக்கத்துல நிறுத்தாதீங்க, காசிமேட்டுலயும் எண்ணூர்லயும் அடிக்கிற உப்புக் காத்து ரெண்டு மழைக்காலத்துல பானெட்டைத் தின்னுடும். பின் டயர் ரெண்டும் மாத்தற செலவைக் கேட்டா தலை சுத்தும். 1946ல நம்ம திருவொற்றியூர் கொட்டகையில பலூன் செஞ்சு ஆரம்பிச்ச எம்ஆர்எஃப்தான் இன்னிக்கு அந்த டயரை விக்குது, ஆனா லோக்கல் ஆளுன்னு டிஸ்கவுன்ட் எதுவும் கிடையாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. காலைல குளிர்ந்த எஞ்சினை உங்க முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க போகும்போதே எஞ்சின் சூடா இருந்தா, எதையோ மறைக்கறாங்க. ஆயில் மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு வருதான்னு பாருங்க. பின்னாடி கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வாங்க. கலப்பை கீழ இறங்கியிருந்தா ஹைட்ராலிக் வேலை இருக்கு. பெயின்ட் புதுசா பளபளன்னு இருந்தா இன்னும் சந்தேகப்படுங்க.

அதுக்கும் முன்னாடி, வீட்டுல உட்கார்ந்தே ஒரு வேலை. விக்கறவர்கிட்ட வண்டி நம்பரைக் கேளுங்க. பரிவாகன் ஆப்ல போட்டா பதிவு எந்தத் தேதி வரைக்கும், இன்சூரன்ஸ் எப்ப முடிஞ்சது, பேங்க் கடன் ஹைபாதிகேஷன் இன்னும் நிக்குதா எல்லாம் வரும். கடன் நின்னா படிவம் 35ம் பேங்க் என்ஓசியும் வேணும். ஆர்சி ஆள் இறந்திருந்தா முதல்ல வாரிசு பேருக்குப் படிவம் 31ல மாத்தி, அப்புறம்தான் உங்களுக்கு. வேற மாநில வண்டின்னா படிவம் 28ல என்ஓசி. வண்டி ஆப்லயே வரலைன்னா, பழைய பதிவு புத்தகமா மட்டும் இருக்குன்னா, பதிவான ஆர்டிஓ ஆபீஸுக்கு விக்கறவரையே அனுப்பி ஆன்லைன்ல ஏத்திட்டு வரச் சொல்லுங்க. அவர் "அதெல்லாம் எதுக்கு தம்பி, இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது"ன்னு சொன்னா, நன்றி சொல்லிட்டு அடுத்த வண்டியைப் பாருங்க.